உத்தரவு யார் கையெழுத்தில் வந்தது? நாஜி ஆக்கிரமிப்பில் உள்ளூர் போலீஸ்

கேள்வி இது: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நாடுகளில், அந்தந்த ஊர்ப் போலீஸே யூதர்களைப் பிடித்துக் கொடுத்தது உண்மையா? உண்மை என்றால் அவர்களுக்கு வேறு வழி இருந்ததா? மறுத்திருந்தால் சுட்டுக் கொன்றிருப்பார்களே?

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். உண்மைதான். நார்வேயிலிருந்து உக்ரைன் வரை உள்ளூர் போலீஸ் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. ஆன் ஃபிராங்க் குடும்பம் ஒளிந்திருந்த ஆம்ஸ்டர்டாம் வீட்டுக்கு 1944 ஆகஸ்ட் 4 அன்று ஆட்கள் வந்தார்களே, அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் கார்ல் சில்பர்பவர் என்ற ஆஸ்திரியர். அவரோடு வந்தவர்கள் டச்சுக்காரர்கள், டச்சுப் போலீஸ்காரர்கள். கைது என்றதும் நம் மனதில் ஜெர்மன் ஹெல்மெட்தான் வருகிறது. மேற்கு ஐரோப்பாவில் ஏராளமான யூதர்கள் கதவைத் திறந்தபோது பார்த்தது தங்கள் ஊர்ப் போலீசின் தொப்பியை.

இரண்டாம் கேள்விக்கு அப்படி ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு அது மாறுகிறது. பிரான்சை மட்டும் விரிவாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே ஒவ்வொரு படியும் காகிதத்தில் பதிவாகியிருக்கிறது. யார் எதைக் கேட்டார், யார் எதற்குச் சம்மதித்தார் என்பதைத் தேதியோடு சொல்ல முடிகிறது.

முதலில் ஆள்பலம். 1942-ல் பிரான்சின் ஆக்கிரமிப்புப் பகுதி முழுவதற்கும் ஜெர்மன் போலீஸ் 3,000 பேர்கூட இல்லை. பிரெஞ்சுப் போலீசும், கிராமப்புறங்களைப் பார்த்துக்கொண்ட ஜெந்தார்ம்களும் சேர்ந்தால் சுமார் ஒரு லட்சம் பேர். ஜெர்மன் ராணுவம் லட்சக்கணக்கில் இருந்தது, வாஸ்தவம்தான். ஆனால் எந்தத் தெருவில் எந்த மாடியில் யார் குடியிருக்கிறார், பின்வாசல் எங்கே போகிறது, வாசல் காவல்காரம்மாவிடம் எப்படிப் பேசி விஷயத்தைக் கறப்பது என்பதெல்லாம் பட்டாளத்துக்குத் தெரியாது. அது உள்ளூர் ஸ்டேஷனுக்குத் தெரியும். 1940 ஜூன் 22 அன்று கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்தின் 3-வது பிரிவிலேயே இதற்கு வழி செய்திருந்தார்கள். ஆக்கிரமிப்புப் பகுதியில் உள்ள பிரெஞ்சு அதிகாரிகள் ஜெர்மன் ராணுவத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு, அவர்களோடு முறையாக ஒத்துழைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அடுத்த படி கணக்கெடுப்பு. 1940 செப்டம்பர் 27 அன்று ஒரு ஜெர்மன் ஆணை வந்தது. யூதர்கள் எல்லோரும் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எங்கே? ஜெர்மன் அலுவலகத்தில் இல்லை, அவரவர் பகுதிப் போலீஸ் அலுவலகத்தில். அக்டோபரில் பாரிஸிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் மட்டும் சுமார் 1,50,000 பேர் வரிசையில் நின்று பதிந்துகொண்டார்கள். இதைப் படிக்கிற பலரும் அவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்பார்கள். போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் அவர்களில் ஏராளம். வசிப்பிட அட்டையைப் புதுப்பிக்க வருஷா வருஷம் அதே அலுவலகத்துக்குப் போய்ப் பழகியவர்கள். பதியாவிட்டால் தண்டனை என்ற பயமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், கூப்பிட்டது பிரெஞ்சுக் குடியரசின் போலீஸ் என்ற நம்பிக்கை இருந்தது.

அந்தப் பதிவுகளை ஆந்த்ரே துலார் என்ற காவல் தலைமையக அதிகாரி அட்டைகளாக மாற்றினார். ஒரே ஆளின் விவரம் நான்கு விதமாக அடுக்கப்பட்டது: பெயர் வாரியாக, தெரு வாரியாக, தேச வாரியாக, தொழில் வாரியாக. போலந்து நாட்டுக்காரர்கள் மட்டும் வேண்டும் என்றால் ஒரு பெட்டி, குறிப்பிட்ட தெருவில் இருப்பவர்கள் வேண்டும் என்றால் இன்னொரு பெட்டி. ஜெர்மானியர்கள் இதைப் பார்த்து அசந்துபோனார்கள். என்னைக் கேட்டால், பிரெஞ்சுப் போலீசின் பங்கைப் புரிந்துகொள்ளத் துப்பாக்கிகளை விட்டுவிட்டு இந்த அட்டைப் பெட்டிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதைச் செய்த குமாஸ்தாக்களில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. அடுக்கினார்கள், அவ்வளவுதான்.

1941 மே 14 அன்று அந்த அட்டைகள் முதல் முறையாகப் பெரிய அளவில் பயன்பட்டன. வெளிநாட்டு யூத ஆண்கள் ஆயிரக்கணக்கானோருக்குப் பச்சை நிறச் சீட்டு ஒன்று வந்தது. உங்கள் நிலையைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது, உறவினரோ நண்பரோ ஒருவரை அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று அதில் இருந்தது. போனவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கூட வந்த மனைவியையோ அண்ணனையோ வீட்டுக்கு அனுப்பி, போர்வையும் மாற்றுத்துணியும் எடுத்துவரச் சொன்னார்கள். கூட ஒருவரை அழைத்து வரச் சொன்னதன் காரணம் அதுதான். சுமார் 3,700 பேர் அன்றைக்கே பிதிவியே, போன்-லா-ரோலாந்த் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆகஸ்டில் மறுபடி ஒரு சுற்றிவளைப்பு, இன்னும் 4,000-க்கும் மேற்பட்ட ஆண்கள். அவர்களை அடைக்க பாரிஸின் வடகிழக்கே ட்ரான்சியில், கட்டி முடிக்கப்படாத ஒரு குடியிருப்பு வளாகம் முகாமாக மாறியது. வாசலில் காவல் நின்றவர்கள் பிரெஞ்சு ஜெந்தார்ம்கள்.

இதுவரை ஜெர்மானியர் கேட்டதை உள்ளூர் நிர்வாகம் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். 1942 கோடையில் நடந்தது வேறு. அங்கே பேரம் நடந்தது.

அந்த ஏப்ரலில் ரெனே பூஸ்கே என்பவர் விஷி அரசின், அதாவது ஜெர்மனியிடம் தோற்ற பின் விஷி நகரிலிருந்து நடந்த பிரெஞ்சு அரசின், காவல்துறைக்குத் தலைவரானார். வயது முப்பத்து மூன்றுகூட நிரம்பவில்லை. யூத வெறுப்பைக் கக்கிக்கொண்டு திரிந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கெட்டிக்கார நிர்வாகி, வேகமாக மேலே வந்தவர். வெள்ளத்தில் பலரைக் காப்பாற்றியதற்காக இளம் வயதிலேயே பதக்கம் வாங்கியவர். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: பிரெஞ்சுப் போலீஸ் ஜெர்மானியர் கட்டளைக்குக் கீழே போகாமல் தன் கட்டளையின் கீழ் இருக்க வேண்டும். ஜூலை 2 அன்று பாரிஸில் நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தளபதி கார்ல் ஓபெர்க்கோடும் அவருடைய ஆட்களோடும் கூட்டம் நடந்தது. கைதுகளை எதிர்க்கவில்லை, ஆனால் பாரிஸில் அதைப் பிரெஞ்சுப் போலீஸ் செய்வதுதான் சங்கடம் என்று பூஸ்கே முதலில் இழுத்தார். கூட்டம் முடியும்போது வெளிநாட்டு யூதர்களையும் நாடற்றவர்களையும் பிரெஞ்சுப் போலீஸே பிடித்துத் தரும் என்று முடிவாகியிருந்தது. பதிலுக்குத் தன் துறைக்குச் சுயாட்சி. ஆகஸ்ட் 8 அன்று அது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட அறிக்கையாகவே வெளிவந்தது.

இந்த இடத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும். தன் துறையைக் காப்பாற்றுகிறேன் என்ற எண்ணத்தோடு ஓர் அதிகாரி மேசைக்கு வருகிறார். காப்பாற்றுவதற்கான விலையாக, தன் நாட்டுக் குடியுரிமை இல்லாத மனிதர்களைக் கொடுக்கிறார். அவருடைய கணக்கில் அது லாபமான பேரம். ஆனால் காப்பாற்றிய போலீசை வைத்து அவர் அடுத்து என்ன செய்தார் என்று பார்த்தால், அந்த மனிதர்களைப் பிடிப்பதைத்தான் செய்தார்.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். பெர்லின் அப்போது கேட்டிருந்தது பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களை. ஆக்கிரமிக்கப்படாத பகுதியிலிருந்து அனுப்பும் குடும்பங்களோடு பதினாறு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளையும் அனுப்பிவிடலாம் என்று யோசனை சொன்னவர் பிரதமர் பியேர் லவால். ஆக்கிரமிப்புப் பகுதியிலுள்ள குழந்தைகளைப் பற்றித் தனக்கு அக்கறை இல்லை என்றும் சொன்னார். ஜெர்மன் அதிகாரி பெர்லினுக்கு அனுப்பிய தந்தியில் இது பதிவாகியிருக்கிறது.

அப்புறம் ஜூலை 16. பாரிஸ் நகரப் போலீசின் இயக்குநர் எமீல் ஹென்கென் தன் ஆட்களுக்கு எழுத்தில் கொடுத்த அறிவுரைகள் இன்றும் இருக்கின்றன. பிடிக்க வேண்டியவர்களின் அட்டைகள் சுமார் 27,000. இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். அடையாளத்தைச் சரிபார்த்த பிறகு அவர்கள் சொல்லும் எதைப் பற்றியும் விவாதிக்கக் கூடாது. உடல்நலம் சரியில்லை என்று சொன்னாலும் விடக் கூடாது. கிளம்பும் முன் கேஸ், மின்சாரம், தண்ணீர் மூன்றையும் அணைக்க வேண்டும். வீட்டுப் பிராணிகளையும் சாவியையும் வாசல் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் அதிகபட்ச வேகத்தில், வீண் பேச்சு இல்லாமல், எந்தக் கருத்தும் சொல்லாமல் நடக்க வேண்டும். பூனைக்கும் நாய்க்கும் ஏற்பாடு செய்திருந்தது அந்த உத்தரவு. நான்கைந்து நாள் ஆயிரக்கணக்கான மனிதர்களை அடைத்து வைக்கப் போகும் இடத்தில் குடிதண்ணீருக்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கி இரண்டு நாளில் 13,152 பேரைப் பிடித்தார்கள். ஆண்கள் 3,118, பெண்கள் 5,919, குழந்தைகள் 4,115. குழந்தைகளில் பெரும்பாலோர் பிரான்சிலேயே பிறந்தவர்கள். நகரப் பேருந்துகளில் ஏற்றினார்கள். குழந்தை இல்லாதவர்களை நேராக ட்ரான்சிக்குக் கொண்டுபோனார்கள். குடும்பங்களாக இருந்த எட்டாயிரம் பேர் வெல் திவ் என்று ஊர்மக்கள் அழைத்த உள்ளரங்க சைக்கிள் பந்தய மைதானத்தில். மேலே கண்ணாடிக் கூரை, விமானத் தாக்குதலுக்குப் பயந்து கருநீலம் பூசியது. ஜூலை வெயில். ஜன்னல் வழியாகத் தப்பிவிடுவார்கள் என்று கழிப்பறைகளில் பாதியைப் பூட்டிவிட்டார்கள். அங்கே இருந்த தீயணைப்புப் படையினர் தங்கள் குழாய்களைத் திறந்து தண்ணீர் கொடுத்தார்கள். ஜனங்கள் எழுதித் திணித்த துண்டுக் கடிதங்களை வாங்கிக்கொண்டு போய் வெளியே தபாலில் சேர்த்தார்கள். அவர்களும் சீருடைக்காரர்கள், அதே நகரத்து ஊழியர்கள். அதற்காக அவர்களை யாரும் சுடவில்லை.

பின்பு ஆகஸ்டில், வெல் திவ் குடும்பங்களைக் கொண்டுபோன பிதிவியேயிலும் போன்-லா-ரோலாந்திலும் தாய்மார்களிடமிருந்து குழந்தைகளைப் பிரித்தவர்களும் பிரெஞ்சு ஜெந்தார்ம்கள். தாய்களை முதலில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். தங்கள் பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் சில வாரம் கழித்து ட்ரான்சி வழியாக அதே இடத்துக்குப் போனார்கள். இதை எத்தனை முறை வாசித்தாலும் என்னால் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை.

சரி, 27,000 அட்டைகளில் 13,000 பேர்தான் சிக்கினார்கள் என்றால் மீதிப் பாதி? அங்கேயும் போலீஸ் இருக்கிறது. முந்தின நாளே காதில் போட்டுவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். கதவைத் தட்டிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன், மூட்டை கட்டி வையுங்கள் என்று சொல்லி, திரும்பி வரும்போது வீடு காலியாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். யூத அமைப்புகள் ரகசியமாக அச்சிட்ட துண்டறிக்கைகளும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றின. ஒரே ஸ்டேஷனில் ஒருவர் பூட்டை உடைத்தார், இன்னொருவர் கண்டும் காணாமல் போனார்.

ஓர் ஊரில் இது தனிமனிதர்களின் இரக்கம் என்ற அளவைத் தாண்டிப் போனது. கிழக்கே நான்சி நகரம். அங்கே வெளிநாட்டவர் பதிவுப் பிரிவின் தலைவர் எதுவார் வின்யெரோன். அவரும் பியேர் மரி உள்ளிட்ட சக போலீஸ்காரர்களும், ஜூலை 19 அன்று சுற்றிவளைப்பு என்று தெரிந்தவுடன் பட்டியலில் இருந்தவர்களின் வீடுகளுக்கு ஆளுக்குச் சில என்று பிரித்துக்கொண்டு போய் எச்சரித்தார்கள். போலி அடையாள அட்டைகள் கொடுத்தார்கள். போக இடமில்லாதவர்களைத் தங்கள் வீடுகளில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் பிடிக்க வேண்டியவர்கள் 385 பேர், சிக்கியவர்கள் 32 பேர். வின்யெரோனைப் பிறகு பிடித்துச் சில மாதம் சிறையில் வைத்தார்கள், வேலையும் போனது. போரை உயிரோடு கடந்தார். பாரிஸில் ஆட்களைக் கண்டுபிடிக்க உதவிய அதே வகைப் பதிவேடுதான் நான்சியில் அவர்களை எச்சரிக்கவும் உதவியது.

மறுத்தால் உயிர் போயிருக்கும் என்ற வாதத்தை இந்தப் பின்னணியில்தான் எடைபோட வேண்டும். 1942-ல் பிரான்சில் மறுத்த அல்லது சுணங்கிய போலீஸ்காரருக்கு வழக்கமாகக் காத்திருந்தது இடமாற்றம், பதவி இறக்கம், வேலைநீக்கம். லியோன் ராணுவ ஆளுநர் ஜெனரல் சென்-வேன்சான், யூதர்களை ரயிலேற்றக் காவலுக்குத் தன் ஆட்களைத் தர முடியாது என்று ஆகஸ்ட் இறுதியில் சொன்னார். பதவியிலிருந்து இறக்கினார்கள், அவ்வளவே. இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். பஞ்ச காலத்தில், ரேஷன் காலத்தில், குடும்பஸ்தனுக்கு வேலை போவது பெரிய அடிதான். ஆனால் அது துப்பாக்கிக் குண்டு இல்லை.

அதே ஆகஸ்ட் 26 அன்று, ஒரு ஜெர்மன் சிப்பாய்கூட இல்லாத விஷி பகுதியில் பிரெஞ்சுப் போலீஸ் 6,500-க்கும் மேற்பட்ட வெளிநாட்டு யூதர்களைப் பிடித்து ட்ரான்சிக்கு அனுப்பியது. கழுத்தில் கத்தி இருந்தது என்று அங்கே சொல்லவே முடியாது. மேலிருந்து உத்தரவு வந்தது, பிரெஞ்சு மொழியில், பழகிய லெட்டர்ஹெட்டில், தன் மேலதிகாரியின் கையெழுத்தோடு. ஒரு ஜெர்மன் அதிகாரி வந்து கத்தியிருந்தால் முறைத்துக்கொண்டு நின்றிருக்கக்கூடிய கான்ஸ்டபிள், தன் கமிஷனரின் கையெழுத்தைப் பார்த்ததும் வேலையைத் தொடங்கிவிட்டார். விஷி ஆட்சியின் பங்கில் மிகக் கனமானது இதுதான் என்று நினைக்கிறேன். அந்நியனின் கட்டளையை அது அன்றாடக் கடமையாக மாற்றிக் கொடுத்தது.

போலீஸ் மெத்தனம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் பிரான்சே சாட்சி. 1942-ல் மட்டும் சுமார் 42,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். துலூஸ் பேராயர் சலியேஜ் அந்த ஆகஸ்டில் தேவாலயங்களில் வாசிக்கச் செய்த கண்டனக் கடிதத்துக்குப் பின் பொதுமக்களின் மனநிலை திரும்பியது. ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை தோற்ற பிறகு, ஜெர்மனி போரில் தோற்கலாம் என்ற நினைப்பும் வந்தது. போலீசின் கை தளர்ந்தது. 1943-ல் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. ஜெர்மானியர்களால் அந்த இடைவெளியைத் தங்கள் ஆட்களை வைத்து நிரப்ப முடியவில்லை. மொத்தத்தில் பிரான்சிலிருந்து சுமார் 76,000 பேர் போனார்கள், சுமார் 2,500 பேர் திரும்பினார்கள். அங்கிருந்த யூதர்களில் முக்கால்வாசிப் பேர் பிழைத்தார்கள். நெதர்லாந்தில் இதற்கு நேர்மாறு. சுமார் 1,40,000 பேரில் 1,07,000 பேர் அனுப்பப்பட்டார்கள். அங்கே ஆம்ஸ்டர்டாம் போலீஸ் கடைசிவரை பெரிய அளவில் பயன்பட்டது. பிழைத்தவர் விகிதத்துக்குப் போலீஸ் மட்டுமே காரணம் இல்லை. ஒளிய மலையும் காடும் இல்லாத நாடு, ராணுவ நிர்வாகத்துக்குப் பதில் நாஜிக் கட்சிக்காரர்களின் நேரடி ஆட்சி என்று மற்ற காரணங்களும் உண்டு.

போலீசின் பங்கை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் பெல்ஜியத்துக்குப் போகலாம். ஒரே நாடு, ஒரே ஜெர்மன் ராணுவ நிர்வாகம், ஒரே ஆணைகள், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு நகரங்கள். 1942 ஜூனில், யூதர்கள் உடையில் அணிந்தாக வேண்டிய மஞ்சள் நட்சத்திரத் துணிகளை விநியோகிக்கும் வேலை நகராட்சிகளின் தலையில் விழுந்தது. பிரஸ்ஸல்ஸ் பொறுப்பு மேயர் ஜூல் கூல்ஸ்ட் மற்ற மேயர்கள் சார்பிலும் கடிதம் எழுதினார்: மனித கண்ணியத்தை இவ்வளவு நேரடியாகக் கெடுக்கும் ஒரு காரியத்தில் எங்களால் கைகொடுக்க முடியாது. ஆண்ட்வெர்ப் நகராட்சி விநியோகித்தது. கோடையில் சுற்றிவளைப்பு தொடங்கியபோது பிரஸ்ஸல்ஸில் செப்டம்பர் 3 அன்று ஜெர்மானியர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டே செய்ய வேண்டியிருந்தது. ஆண்ட்வெர்ப்பில் உள்ளூர் போலீஸ் தெருக்களை அடைத்து நின்றது. ஆகஸ்ட் இறுதியில் அங்கேயும் சில போலீஸ்காரர்கள் விஷயத்தைக் கசியவிட்டதால் ஒரு சுற்றிவளைப்பு பொய்த்துப்போனது. ஆத்திரமடைந்த ஜெர்மன் பாதுகாப்புப் போலீஸ் அதிகாரி எரிக் ஹோல்ம், இனி நீங்களே பிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் உங்களையே பிரேன்டோங்க் சிறைமுகாமுக்கு அனுப்புவேன் என்று மிரட்டினார். ஆகஸ்ட் 28 இரவு ஆண்ட்வெர்ப் போலீஸ் தனியாகவே 1,243 பேரைப் பிடித்துக் கொடுத்தது. மேயர் டெல்வைட் எதிர்ப்பு எதுவும் பதிவு செய்யவில்லை. கடைசிக் கணக்கில் ஆண்ட்வெர்ப் யூதர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் போனார்கள். பிரஸ்ஸல்ஸில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்.

ஆண்ட்வெர்ப்பில் யூதர்களை வெறுத்த குழுக்கள் வலுவாக இருந்தன, பிரஸ்ஸல்ஸில் மறைந்துகொள்ள உதவும் ரகசிய அமைப்பு சீக்கிரமே உருவானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் எனக்குப் படுவது இது: பிரஸ்ஸல்ஸ் மேயர் மறுத்தது ஒரு துணித்துண்டை விநியோகிக்க. அந்தச் சிறிய இடத்தில் கோடு போட்டதால், பெரிய கோரிக்கை வந்தபோது அவருடைய போலீஸ் ஏற்கெனவே கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. ஆண்ட்வெர்ப் போலீஸ் மிரட்டப்பட்ட நேரத்தில் பல படிகள் இறங்கிவிட்டிருந்தது.

மிரட்டல் எல்லா இடத்திலும் வெறும் மிரட்டலாக நின்றுவிடவில்லை. ஆஸ்லோவில் குனார் ஐலிஃப்சென் என்ற போலீஸ் அதிகாரி, கட்டாய வேலைக்கு வராத இளம்பெண்களைக் கைது செய்யத் தன் ஆட்களை அனுப்ப மறுத்தார். 1943 ஆகஸ்ட் 16 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கொல்வதற்கு வசதியாகச் சட்டத்தையே முன்தேதியிட்டு இயற்றினார்கள். ஆக, உயிருக்கு ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் அது அவர் நினைவுக்குச் செய்யும் துரோகம். அதே ஆஸ்லோவில் அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 1942 நவம்பர் 26 அன்று, க்னூட் ரோட் என்ற இன்னொரு போலீஸ் அதிகாரி நூறு டாக்ஸிகளை வரவழைத்து, விடியற்காலையில் யூதப் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் வீடுகளிலிருந்து திரட்டித் துறைமுகத்தில் சேர்த்தார். டோனாவ் என்ற கப்பல் அன்றே 532 பேரோடு கிளம்பியது. அவர்களில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். போருக்குப் பின் ரோட் இரண்டு முறை விசாரிக்கப்பட்டு இரண்டு முறையும் விடுதலையானார். எதிர்ப்பு இயக்கத்துக்கு அவர் வேறு விதத்தில் உதவினார் என்பதை நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொண்டது. திரும்ப போலீஸ் வேலையிலேயே சேர்ந்தார்.

டென்மார்க்கை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், காட்டத்தான் வேண்டும். 1943 அக்டோபர் 1 இரவு நடந்த சுற்றிவளைப்பில் டேனிஷ் போலீஸ் சேரவில்லை. சுமார் 7,200 யூதர்கள் படகுகளில் சுவீடன் போய்ச் சேர்ந்தபோது கரையோரப் போலீஸில் பலர் துணை நின்றார்கள். 1944 செப்டம்பர் 19 அன்று ஜெர்மானியர்கள் டேனிஷ் போலீசையே கலைத்து, சுமார் 2,000 போலீஸ்காரர்களைப் பிடித்து ஜெர்மன் முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஆனால் அந்தப் போலீசின் கையும் முழுக்கச் சுத்தம் இல்லை. 1941 ஜூனில் ஜெர்மானியர் கேட்டபோது கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடித்தது அவர்களேதான். அவர்களில் 150 பேர் பிறகு ஸ்டுத்தோஃப் வதைமுகாமில் போய் விழுந்தார்கள்.

கிழக்கே போனால் இந்த அளவுகோல்கள் எதுவும் செல்லாது. போலந்தில் போருக்கு முந்தைய போலீஸ்காரர்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் கடும் தண்டனை என்று 1939 அக்டோபர் கடைசியில் உத்தரவு வந்தது. நீலச் சீருடையால் நீலப் போலீஸ் என்று பெயர். அதில் ஜெர்மானியரை எதிர்த்த போலந்தின் தலைமறைவுப் படைக்குத் தகவல் கொடுத்தவர்களும் உண்டு, பதுங்கியிருந்த யூதர்களைக் கிராமம் கிராமமாகத் தேடிக் கொன்றவர்களும் உண்டு. சில சமயம் இரண்டையும் ஒரே ஆள் செய்தார். சோவியத் பகுதிகளில் பழைய போலீஸ் என்று எதுவும் மிஞ்சவில்லை. 1941 ஜூலை 25 அன்று எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் உத்தரவிட்டு உள்ளூர் ஆட்களைக் கொண்டு துணைப் போலீஸ் உருவாக்கினார். 1942 முடிவில் தீயணைப்புப் பிரிவையும் சேர்த்து அதில் சுமார் மூன்று லட்சம் பேர். சம்பளம், ரேஷன், ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குப் போகாமல் தப்பிக்கும் வழி, ஸ்டாலின் ஆட்சியின் மீதான பழி, யூதர் சொத்தின் மீது கண், போர்க் கைதிகள் முகாமில் பட்டினியால் சாவதிலிருந்து விடுதலை என்று சேர்ந்தவர்களின் காரணங்கள் பல. கீவ் நகரின் பாபி யாரில் இரண்டு நாளில் 33,771 யூதர்கள் கொல்லப்பட்டபோது வழியடைத்து நின்று அவர்களைப் பள்ளத்தாக்குக்கு ஓட்டியதில் உக்ரைனியத் துணைப் போலீசுக்குப் பங்கு இருந்தது.

இந்தப் படைகள் யூதர்களோடு நிற்கவில்லை. 1943 மார்ச் 22 அன்று பெலாரஸின் கத்தின் கிராமத்தில் 149 பேரைக் களஞ்சியத்தில் அடைத்துத் தீ வைத்தார்கள். அவர்களில் 75 பேர் குழந்தைகள். செய்தவர்கள் டிர்லேவாங்கரின் எஸ்.எஸ். பிரிவும், பெரும்பாலும் உக்ரைனியர்கள் இருந்த 118-வது துணைப் போலீஸ் பட்டாலியனும். அந்தப் பட்டாலியனின் தலைமை அலுவலர் கிரிகோரி வஸ்யூரா போருக்குப் பின் அரசுப் பண்ணை ஒன்றில் அதிகாரியாகப் பல வருஷம் இருந்தார். 1987-ல்தான் தண்டனை நிறைவேறியது. சோவியத் அரசு அந்த விசாரணையை வெளியே பேசவே விடவில்லை.

யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ குடியிருப்புகளுக்குள் இருந்த யூதப் போலீசையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். நான் சேர்க்க மாட்டேன். வார்சாவில் 1942 ஆகஸ்டில் ஒவ்வொரு கெட்டோ போலீஸ்காரரும் தினம் ஐந்து பேரைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய சொந்தக் குடும்பமே ரயிலேறும் என்ற நிலை. பாரிஸ் இன்ஸ்பெக்டர் மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். இவர்களுக்குச் செப்டம்பரில் அதே ரயில் காத்திருந்தது. இரண்டையும் ஒத்துழைப்பு என்ற ஒரே சொல்லில் அடக்குவது நியாயம் இல்லை.

போருக்குப் பின் பிரான்ஸ் இதை எப்படி மறந்தது என்பதும் இந்தப் பதிலில் வர வேண்டும். 1944 ஆகஸ்ட் 15 அன்று பாரிஸ் போலீஸ் வேலைநிறுத்தம் செய்தது. 19 அன்று தன் தலைமையகத்தைக் கைப்பற்றி ஜெர்மானியரோடு சண்டை போட்டது. அந்தச் சண்டைகளில் 167 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அது உண்மையான வீரம். அதற்காக அந்தப் படைக்கு நாட்டின் உயரிய விருது கிடைத்தது. வெல் திவ் பற்றிய பேச்சு அந்த விருதுக்குப் பின்னால் போய்விட்டது. 1956-ல் வதைமுகாம்கள் பற்றிய ஓர் ஆவணப்படத்தில், பிதிவியே முகாமைக் காவல் காக்கும் ஜெந்தார்மின் தொப்பி ஒரு புகைப்படத்தில் தெரிந்தது. தணிக்கைக் குழு விடவில்லை. தொப்பியின் மேல் வண்ணம் பூசி மறைத்த பிறகுதான் படம் வெளியே வந்தது.

பூஸ்கேயை 1949-ல் விசாரித்தார்கள். ஐந்து ஆண்டு குடிமை உரிமைகள் பறிப்பு என்று தீர்ப்பு, எதிர்ப்பு இயக்கத்துக்கு உதவினார் என்று சொல்லி அப்போதே அதையும் ரத்து செய்தார்கள். வங்கித் துறையில் பெரிய ஆளானார். 1991-ல் மனிதகுலத்துக்கு எதிரான குற்ற வழக்கு பதிவானது. விசாரணை தொடங்கும் முன், 1993 ஜூன் 8 அன்று ஒருவர் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார். நீதிமன்றத்தில் அவர் வாயால் கேட்டிருக்க வேண்டிய பதில்கள் அதோடு போயின. 1995 ஜூலை 16 அன்றுதான் ஒரு பிரெஞ்சு ஜனாதிபதி, ஷாக் ஷிராக், அந்தக் குற்றத்தில் பிரெஞ்சு அரசுக்கும் பங்கு உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார்.

கடைசிவரை நடந்த பெரிய வழக்கு மோரிஸ் பாப்போனுடையது. போர்க்காலத்தில் போர்தோவில் இருந்த ஜிரோந்த் மாவட்ட நிர்வாகத்தின் பொதுச் செயலாளர், யூதர்களை ட்ரான்சிக்கு அனுப்பும் உத்தரவுகளில் கையெழுத்திட்டவர். போருக்குப் பின் பாரிஸ் போலீசுக்கே தலைவரானார். 1961 அக்டோபரில் அல்ஜீரியர்களின் ஊர்வலத்தின் மீது நடந்த கொலைவெறித் தாக்குதல் அவர் தலைமையில் நடந்ததுதான். 1998-ல் அவருக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தர வேண்டிய இழப்பீட்டை அரசுதான் கட்ட வேண்டும், நான் அரசு ஊழியனாகத்தானே செய்தேன் என்று அவர் வழக்காடினார். 2002 ஏப்ரலில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஜெர்மானியர் கேட்டதற்கு மேலேயே அவர் சொந்த முனைப்பில் செய்திருக்கிறார், அது அவருடைய தனிப்பட்ட தவறு. கணக்கெடுத்து, முகாம் கட்டி, போலீசை அனுப்பி அதையெல்லாம் சாத்தியமாக்கியது அரசின் தவறு. இழப்பீட்டில் பாதியை அவர் கட்ட வேண்டும், பாதியை அரசு கட்ட வேண்டும்.